வீட்டு மீடியா சர்வரின் கரண்ட் செலவைக் குறைப்பது எப்படி: வெளியூரிலிருந்து பார்க்கும் வசதி போகாமல்

பழைய டெஸ்க்டாப் ஒன்றில் ஜெல்லிஃபின், பிளெக்ஸ் போன்ற மீடியா சர்வர் நிரல் ஒன்றைப் போட்டு, படங்கள், பாட்டுகள், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஏற்றி வைத்தாயிற்று. வெளியூரில் இருக்கும் தம்பி தங்கைகளும் அதிலிருந்தே பார்க்கிறார்கள். எல்லாம் சரி, அடுத்த ரீடிங் எடுக்கும்வரைதான்.

இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் யோசனை, "குறைந்த வாட் புராசஸர் வாங்கு" என்பதுதான். அதில் இறங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். வீட்டு சர்வர் ஒரு நாளில் உண்மையாக வேலை பார்ப்பது மூன்று நான்கு மணி நேரம். மீதி இருபது மணி நேரமும் யாராவது கூப்பிடுவார்களா என்று சும்மா விழித்துக் கிடக்கிறது. பில் ஏறுவது அந்தச் சும்மா நேரத்தில்தான். அந்த நேரத்தில் அதைத் தூங்க வைத்து, கூப்பிட்டால் எழுப்புவதற்கு ஒரு வாட் சாப்பிடும் குட்டிக் கருவி ஒன்றை மட்டும் விழித்திருக்க விட்டால் செலவில் முக்கால் பங்குக்கு மேல் போய்விடும். இந்தக் கட்டுரை அதைப் படிப்படியாகச் செய்வதற்கானது.

டெபியன் அல்லது உபுண்டு லினக்ஸில் ஜெல்லிஃபின் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். விண்டோஸ்காரர்களுக்கு மாறுபடும் இடங்களில் சொல்லிவிடுகிறேன். மின்கட்டணக் கணக்கு தமிழ்நாட்டு வீட்டு இணைப்புக்கானது.

1. கையில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

மின்வாரியத் தளத்தில் உங்கள் இணைப்பு எண்ணைக் கொடுத்து கடைசி ஆறு பில்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பில் என்பதால் ஆறு பில் என்றால் ஒரு வருடம். ஏசி ஓடும் மாதம், ஓடாத மாதம் இரண்டும் அதில் வந்துவிடும்.

ரவுட்டரின் உள்நுழைவுப் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டும். இன்டர்நெட் கனெக்ஷன் கொடுக்க வந்தவர் மாற்றிவிட்டுப் போயிருந்தால் இப்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் ஒரு நாள் போய்விடும்.

சர்வரின் நெட்வொர்க் போர்ட்டுக்கு உரிய மேக் முகவரியை ஒரு தாளில் எழுதி வையுங்கள். பன்னிரண்டு எழுத்து-எண் கொண்டது. வைஃபைக்கு ஒன்று, கேபிள் போர்ட்டுக்கு ஒன்று என இரண்டு இருக்கும். நமக்குக் கேபிளுடையது தேவை.

கடைசியாக, பயாஸில் (மெஷின் கிளம்பும்போது திறக்கும் மதர்போர்டின் அமைப்புப் பக்கங்கள்) எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எதையோ மாற்றி மெஷின் கிளம்பாமல் போனால் இந்தப் படங்கள்தான் துணை.

2. காசுக் கணக்கு

நினைவில் வைத்துக்கொள்ள ஒரே எண் போதும்: ஒரு வாட் இடைவிடாமல் ஓடினால் அறுபது நாளில் 1.44 யூனிட். ஆக, சும்மா இருக்கும்போது 58 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் ஒரு பில்லுக்கு ஏறத்தாழ 83 யூனிட் சாப்பிடுகிறது.

அந்த 83 யூனிட்டுக்கு என்ன விலை என்பதில்தான் பலரும் தவறவிடுகிறார்கள். மொத்த பில்லை மொத்த யூனிட்டால் வகுத்து சராசரி எடுக்கக் கூடாது. சர்வரை நிறுத்தினால் குறைவது உங்கள் கடைசி யூனிட்டுகள், அதாவது மேல் அடுக்கில் இருப்பவை. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி 501 முதல் 600 வரையான யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல், 601 முதல் 800 வரை ஒன்பது ரூபாய்க்கு மேல். இரண்டு மாதத்துக்கு 600 யூனிட் ஓடும் வீட்டில் சர்வரின் பங்கு மட்டும் கிட்டத்தட்ட 700 ரூபாய். வருடத்துக்கு நாலாயிரத்துக்கு மேல் வரும்.

500 யூனிட் கோட்டை ஒட்டி இருக்கும் வீடுகளுக்கு இன்னொரு கொக்கி. 500 தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளுக்குக் கிடைக்கும் சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். 501ஆவது யூனிட் ஒன்றுக்காக மட்டும் பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறும். உங்கள் பில்கள் 480, 520, 510 என்று ஆடிக்கொண்டிருந்தால் சர்வரில் இருபது வாட் குறைத்தாலே கோட்டுக்குக் கீழே வந்துவிடலாம்.

உங்கள் பில் எப்போதும் 200 யூனிட்டுக்குள்தானா? அப்படியென்றால் இதில் பெரிதாகக் காசு மிஞ்சாது. நான்காவது படிவரை செய்துவிட்டு விட்டுவிடுங்கள்.

3. அளந்து பாருங்கள்

பிளக்குக்கும் சர்வருக்கும் நடுவே மாட்டும் வாட் மீட்டரோ, மின்னளவு காட்டும் ஸ்மார்ட் பிளக்கோ வாங்கிக்கொள்ளுங்கள். ஆயிரம் ரூபாய்க்கு முன்பின் ஆகும். ஸ்மார்ட் பிளக் வாங்கினால் "மின்னளவு காட்டும்" என்பதைச் சரிபார்த்து வாங்குங்கள். பல மாடல்கள் ஆன், ஆஃப் மட்டுமே செய்யும்.

காசு போட மனமில்லையா? ஈ.பி. மீட்டரே போதும். மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 என்றோ 1600 என்றோ அச்சடித்திருக்கும். வீட்டில் ஃப்ரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, சர்வரையும் ரவுட்டரையும் மட்டும் ஓடவிட்டு இரண்டு மினுக்கலுக்கு நடுவே எத்தனை விநாடி என்று எண்ணுங்கள். 3200 மீட்டர் என்றால் 1125ஐ அந்த விநாடியால் வகுத்தால் வாட் வந்துவிடும். பதினைந்து விநாடிக்கு ஒரு முறை மினுக்கினால் 75 வாட். அப்புறம் சர்வரை மட்டும் பிளக்கிலிருந்து உருவிவிட்டு மறுபடி எண்ணிக் கழித்துக்கொள்ளுங்கள்.

எதை எல்லாம் அளப்பது? அணைத்துவைத்து பிளக்கில் மட்டும் இருக்கும்போது, சும்மா ஓடும்போது, ஹார்ட் டிஸ்க்குகள் நின்றபின், படம் ஓடும்போது, டிரான்ஸ்கோட் (வீடியோவை வேறு வடிவுக்கு மாற்றி அனுப்புவது) ஆகும்போது. பூட் ஆன உடனே அளக்காதீர்கள். பின்னணியில் பத்து வேலை ஓடிக்கொண்டிருக்கும். கால் மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். விலை குறைந்த மீட்டர்கள் ஐந்து வாட்டுக்குக் கீழே கண்டபடி காட்டும், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒரு முழு நாள் மாட்டிவைத்து மொத்த யூனிட்டைப் பார்ப்பதுதான் நம்பகமான கணக்கு.

4. எதையும் வாங்காமல் குறைப்பவை

முதலில் கேபினட்டைத் திறங்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், புராசஸரில் உள்ளிணைந்த கிராஃபிக்ஸ் இருக்கும் பட்சத்தில், கார்டைக் கழற்றிவிடுங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும் கார்டே பத்து இருபது வாட் இழுக்கும். பயன்படாத டிவிடி டிரைவ், கூடுதல் ஃபேன், எதற்கோ எப்போதோ போட்ட சிறு ஹார்ட் டிஸ்க் எல்லாம் வெளியே. ஒரு டெரா, அரை டெரா என்று நான்கு பழைய டிஸ்க்குகளை வைத்திருப்பவர்கள் எல்லாவற்றையும் பெரிய டிஸ்க் ஒன்றுக்கு மாற்றினாலே பதினைந்து வாட் மிச்சம்.

அடுத்தது பயாஸ். சி-ஸ்டேட் எனப்படும் புராசஸர் உறக்க நிலைகளை ஆன் செய்து, எவ்வளவு ஆழமாக அனுமதிக்கிறதோ அவ்வளவு ஆழம் வையுங்கள். பல மதர்போர்டுகளில் "ஆட்டோ" என்பது பாதி ஆழத்திலேயே நின்றுவிடும். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புகளுக்கான ஏஎஸ்பிஎம் மின்சேமிப்பையும் ஆன் செய்யுங்கள்.

பிறகு லினக்ஸில் பவர்டாப் என்ற மின்சேமிப்புக் கருவியை நிறுவுங்கள். அதன் தானியங்கிச் சரிசெய்தலை ஓட்டினால் சில வாட்டுகள் உடனே இறங்கும். ஆனால் ரீபூட் செய்தால் அந்த மாற்றங்கள் போய்விடும். பூட் ஆகும்போதெல்லாம் ஓடும்படி சிஸ்டம்டி சேவையாக எழுதி வையுங்கள். இன்னொரு சிக்கல்: அது யூஎஸ்பி கருவிகளையும் உறங்க வைக்கும். படங்கள் யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், அந்த ஒரு கருவிக்கு மட்டும் யூஎஸ்பி உறக்கத்தை அணைத்து வையுங்கள். இல்லையென்றால் படம் பாதியில் நின்று டிஸ்க்கே காணாமல் போகும்.

பவர்டாப்பில் பார்க்க வேண்டியது, முழுப் புராசஸர் தொகுப்பும் எந்த சி-ஸ்டேட்வரை இறங்குகிறது என்பதை. எட்டு, பத்து என்று போனால் நல்லது. இரண்டு மூன்றிலேயே நின்றால், ஏதோ ஒரு கார்டு மொத்த மெஷினையும் தூங்க விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. பெரும்பாலும் கூடுதலாகப் போட்ட சாட்டா கார்டாக இருக்கும், இல்லையென்றால் நெட்வொர்க் சிப்பாக இருக்கும். சில ரியல்டெக் நெட்வொர்க் சிப்புகளுக்கு லினக்ஸ் டிரைவரே ஏஎஸ்பிஎம்மை அணைத்து வைக்கிறது. கார்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடும்.

புராசஸரின் வேகத்தைக் குறைத்துப் பூட்டி வைக்கும் யோசனையும் அடிக்கடி சொல்லப்படும். வேண்டாம். வேகமாக முடித்துவிட்டு ஆழமாகத் தூங்கும் புராசஸர்தான் மொத்தத்தில் குறைவாகச் சாப்பிடுகிறது.

5. ஹார்ட் டிஸ்க்குகள்

3.5 அங்குல டிஸ்க் ஒன்று சும்மா சுழன்றுகொண்டிருக்க நான்கு முதல் ஆறு வாட். நின்றுவிட்டால் ஒரு வாட்டை ஒட்டி. நான்கு டிஸ்க் இருந்தால் வித்தியாசம் பன்னிரண்டு வாட்டுக்குக் குறையாது.

லினக்ஸில் எச்டிபார்ம் கருவியில் நிறுத்தும் நேரத்தைக் கொடுக்கலாம். அதன் எண்கள் கொஞ்சம் குழப்பும். 240 வரையான எண்கள் ஒவ்வொன்றும் ஐந்து விநாடி. ஆகவே 120 என்றால் பத்து நிமிடம், 240 என்றால் இருபது நிமிடம். 241இலிருந்து அரை மணி நேரக் கணக்கு தொடங்கும். 242 என்றால் ஒரு மணி நேரம். படத்தை இடையில் நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போய் வருகிறவர்கள் இருக்கும் வீட்டில் அரை மணி நேரம் வையுங்கள். சில டிஸ்க்குகள் இந்த அமைப்பைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. அவற்றுக்கு எச்டி-ஐடில் என்ற சிறு நிரலைப் போட்டால் வேலை நடக்கும்.

நிறுத்தி வைத்த டிஸ்க் அரை மணிக்கொரு தரம் தானாக எழுந்தால் பேய் பிசாசு இல்லை. இவற்றை வரிசையாகப் பாருங்கள்: ஜெல்லிஃபினின் தரவுத்தளமும் போஸ்டர் படங்களும் அதே டிஸ்க்கில் இருக்கின்றனவா (எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள்). நூலகத்தைத் தேடிப் புதுப்பிக்கும் வேலை அடிக்கடி ஓடும்படி இருக்கிறதா (நாளுக்கு ஒரு முறை, வழக்கமாகப் படம் பார்க்கும் நேரத்துக்கு வையுங்கள்). டாரன்ட் பகிர்வு அந்த டிஸ்க்கிலிருந்து ஓடுகிறதா. டிஸ்க்கின் ஆரோக்கியத்தைச் சோதிக்கும் ஸ்மார்ட் சேவை, உறங்கும் டிஸ்க்கை எழுப்பாதே என்ற அமைப்போடு இருக்கிறதா. பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று.

அதற்காக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிற்கும்படி வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் டிஸ்க் சில விநாடிகளுக்கு இருபது வாட்வரை இழுக்கும், மோட்டாரும் தேயும். நாளுக்கு ஐந்தாறு முறை நின்று கிளம்புவது ஒன்றும் செய்யாது. ஐம்பது முறை என்றால் டிஸ்க் விலையோடு ஒப்பிட வேண்டிவரும்.

6. டிரான்ஸ்கோடிங்கைத் தவிருங்கள்

அளந்து பார்த்தால் தெரியும்: கோப்பை அப்படியே அனுப்பும்போது மெஷின் சும்மா இருப்பதைவிட நாலைந்து வாட்தான் கூடுதலாக இழுக்கும். அதையே புராசஸர் மாற்றி அனுப்பும்போது ஃபேன் கத்தும், எழுபது எண்பது வாட் ஏறும்.

டிவியும் போனும் எதை நேராக இயக்குமோ அந்த வடிவில் கோப்புகளை வைப்பது முதல் வழி. சப்டைட்டில்தான் யாரும் சந்தேகப்படாத காரணம். படவடிவச் சப்டைட்டில் இருந்தால் அதைக் காட்சிமேல் பதித்து அனுப்புவதற்காக மொத்த வீடியோவும் மாற்றப்படும். எஸ்ஆர்டி எழுத்துக் கோப்பாக வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. டிடிஎஸ் ஒலியை டிவி ஏற்காவிட்டால் ஒலி மட்டும் மாறும். அது சிறிய வேலைதான், கவலை வேண்டாம்.

மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் இன்டெல்லின் குவிக் சிங்க் (வீடியோவை மாற்றுவதற்கென்றே புராசஸரில் இருக்கும் வன்பொருள்) இருக்கிறதா என்று பாருங்கள். ஜெல்லிஃபினில் இது இலவசம். பிளெக்ஸில் கட்டணச் சந்தா வேண்டும். அதோடு, 2025 ஏப்ரல் இறுதியிலிருந்து பிளெக்ஸில் வெளியூரிலிருந்து வீடியோ பார்ப்பதற்கும் கட்டணம் வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு ஜெல்லிஃபினை நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. தூங்க வைப்பது

இதுவரை செய்தவற்றில் 58 வாட் 35க்கு வந்திருக்கலாம். உண்மையான இறக்கம் இனிமேல்தான்.

நமக்கு வேண்டியது எஸ்3 உறக்கம். நினைவகம் மட்டும் உயிரோடிருக்கும், மற்றதெல்லாம் அணைந்துவிடும், ஒன்று முதல் மூன்று வாட். எழுந்திருக்கச் சில விநாடிகள் போதும். லினக்ஸில் இது "டீப்" என்ற பெயரில் தெரியும். புது மினி பிசிக்கள், லேப்டாப்கள் சிலவற்றில் இந்த வகை இல்லாமல் மேலோட்டமான உறக்கம் மட்டுமே இருக்கும். அவற்றில் மிச்சம் குறைவு. வாங்குமுன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கையால் ஒரு முறை தூங்க வைத்து, பவர் பட்டனால் எழுப்பிப் பாருங்கள். நெட்வொர்க் வருகிறதா, டிஸ்க்குகள் தெரிகின்றனவா, ஜெல்லிஃபின் பதில் சொல்கிறதா? ஒரே நாளில் சில முறை செய்து பார்த்து எல்லாம் ஒழுங்காக இருந்தால் மட்டும் தானியங்கிக்குப் போங்கள்.

தானாகத் தூங்க வைக்க டெபியனின் தொகுப்புகளிலேயே ஆட்டோசஸ்பெண்ட் என்ற நிரல் இருக்கிறது. "இவை எதுவும் நடக்கவில்லை என்றால் இத்தனை நிமிடம் கழித்துத் தூங்கு" என்று அதற்குச் சொல்லலாம். யாராவது வேறு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே இருக்கிறார்களா, கோப்புப் பகிர்வு திறந்திருக்கிறதா, பேக்கப் ஓடுகிறதா, நெட்வொர்க்கில் பெரிய போக்குவரத்து இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காத்திருக்கும் நேரம் இருபது நிமிடம் நியாயமானது.

ஜெல்லிஃபினுக்கு எது சோதனை என்பதில் கவனம். அதன் போர்ட்டில் இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னால் சர்வர் தூங்கவே தூங்காது. ஏனென்றால் யாரோ ஒருவர் பிரவுசரில் ஜெல்லிஃபின் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருப்பார், இணைப்பு தொங்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பதில் ஜெல்லிஃபினிடமே அமர்வுப் பட்டியலைக் கேட்டு, "இப்போது ஓடும் படம்" என்ற விவரம் எந்த அமர்விலாவது இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதற்கான ஏபிஐ சாவியை (வேறு நிரல் கேட்டால் பதில் சொல்ல அனுமதிக்கும் குறியீடு) ஜெல்லிஃபினின் நிர்வாகப் பக்கத்தில் உருவாக்கிக்கொள்ளலாம்.

இந்தப் படிக்கு ஒரு சனிக்கிழமை மதியம் ஒதுக்குங்கள். வேலைநாள் இரவில் வீட்டார் சீரியல் பார்த்துக்கொண்டிருக்கும்போது செய்தால் வேறு வகை மின்சாரம் பாயும்.

8. எழுப்புவது

வேக்-ஆன்-லேன் என்ற வசதி கேபிள் போர்ட் உள்ள கிட்டத்தட்ட எல்லா மதர்போர்டிலும் இருக்கிறது. மேக் முகவரியைப் பதினாறு முறை அடுக்கிய "மேஜிக் பாக்கெட்" என்ற சிறு செய்தி வந்தால் நெட்வொர்க் கார்டு மெஷினை எழுப்பிவிடும். இது மூன்று இடங்களில் ஆன் ஆக வேண்டும்.

பயாஸில் வேக்-ஆன்-லேனை ஆன் செய்து, ஈஆர்பி அல்லது டீப் ஸ்லீப் என்ற அமைப்பை அணைக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் மின்சேமிப்பு மாதிரி இருக்கும், அதனால் பலரும் ஆன் செய்துவிடுவார்கள். அது நெட்வொர்க் கார்டுக்குப் போகும் கரண்டையும் சேர்த்து நிறுத்திவிடும். அப்புறம் யார் கூப்பிட்டாலும் எழாது.

இயங்குதளத்தில் நெட்வொர்க் கார்டுக்கு மேஜிக் பாக்கெட்டுக்கு மட்டும் எழுந்திரு என்று சொல்ல வேண்டும். "மட்டும்" முக்கியம். எந்தப் பாக்கெட் வந்தாலும் எழு என்று வைத்தால் வீட்டிலுள்ள போன்களும் டிவியும் சும்மா அனுப்பும் விசாரிப்புகளுக்கெல்லாம் எழுந்து உட்காரும். விண்டோஸில் இது நெட்வொர்க் அடாப்டரின் மின்மேலாண்மைப் பக்கத்தில் இருக்கிறது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ரீபூட்டுக்குப் பிறகும் இந்த அமைப்பு நிற்கிறதா என்று பார்ப்பது. லினக்ஸில் நெட்வொர்க்மேனேஜர் அதைப் பழைய நிலைக்கு மாற்றிவிடக்கூடும், ஆகவே நெட்வொர்க்மேனேஜரின் இணைப்பு அமைப்பிலேயே எழுதி வையுங்கள்.

வைஃபையில் இருக்கும் சர்வரை இப்படி எழுப்ப முடியும் என்று நம்பி இறங்காதீர்கள். கேபிள் இழுங்கள்.

9. வெளியூரிலிருந்து நுழைவது

இங்கேதான் பலர் நின்றுவிடுகிறார்கள். மேஜிக் பாக்கெட் வீட்டு நெட்வொர்க்குக்குள் மட்டுமே பரவும். ரவுட்டரைத் தாண்டி உள்ளே வராது. வெளியூரிலிருந்து வீட்டுக் கருவிகளோடு பாதுகாப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேல், வயர்கார்டு போன்ற விபிஎன் வழியாகவும் நேராகப் போகாது. தூங்கும் சர்வரில் டெயில்ஸ்கேலும் தூங்குகிறது. ஆகவே வீட்டுக்குள் எப்போதும் விழித்திருக்கும் ஆள் ஒருவர் வேண்டும்.

அந்த ஆள் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற குட்டிக் கணினியாக (இனி சுருக்கமாகப் பை) இருந்தால் போதும். ஒரு வாட்டை ஒட்டித்தான் இழுக்கும். மெமரி கார்டு, சார்ஜர் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குள் பார்க்கலாம். வீட்டில் பழைய பை ஏதாவது சும்மா கிடந்தால் இன்னும் நல்லது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மாற்று மென்பொருள் ஓடும் ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு அதுவும் வேண்டாம், ரவுட்டரே பாக்கெட்டை அனுப்பிவிடும்.

பையில் டெயில்ஸ்கேலும், அப்ஸ்நாப் என்ற எழுப்பும் நிரலும் போடுங்கள். அப்ஸ்நாப் ஒரு சாதாரண இணையப் பக்கம்: சர்வரின் பெயர், பக்கத்தில் ஒரு பட்டன். அம்மாவின் போனில் அதை முகப்பு ஐகானாக வைத்துவிட்டால், "பட்டனை அழுத்துங்க, அரை நிமிஷம் கழிச்சு ஜெல்லிஃபின் திறங்க" என்பதோடு பயிற்சி முடிந்தது. தினமும் இரவு ஏழு மணிக்குப் பார்ப்பார்கள் என்றால் 6.55க்குத் தானாக எழுப்பும்படி பையில் நேரம் குறித்து வைத்துவிடலாம். யாரும் பார்க்காவிட்டால் சர்வர் இருபது நிமிடத்தில் தானே தூங்கப் போய்விடும்.

சர்வரிலும் தனியாக டெயில்ஸ்கேல் போடுங்கள். பையை மட்டும் நுழைவாயிலாக வைத்து அதன் வழியாகவே வீட்டு நெட்வொர்க் முழுவதையும் திறக்கவும் முடியும், பல வழிகாட்டிகள் அதைத்தான் சொல்கின்றன. ஆனால் மொத்த வீடியோவும் பையின் சின்ன வைஃபை வழியாக உள்ளே போய் வெளியே வர வேண்டியிருக்கும். பெரிய கோப்புகள் திணறும். எழுப்புவதற்குப் பை, படம் பார்க்க நேராக சர்வர் என்று பிரித்துவிடுங்கள்.

டெயில்ஸ்கேலே எதற்கு, ரவுட்டரில் போர்ட் திறந்தால் ஆகாதா? இரண்டு காரணம். ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள், ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்கின்றன. போர்ட் திறந்தும் பயன் இல்லை. நிலையான ஐபி கேட்டு வாங்கலாம். அதற்கு மாதமோ வருடமோ தனிக் கட்டணம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, சில நாள் காத்திருப்பு. இரண்டாவது, ஜெல்லிஃபினை நேராக இணையத்தில் திறந்து வைப்பது பாதுகாப்பாகாது. டெயில்ஸ்கேல் தனிநபர் பயன்பாட்டுக்கு இலவசம், சிஜிநாட்டையும் தாண்டும்.

டெயில்ஸ்கேலில் ஒரு கண்ணி இருக்கிறது. ஒவ்வொரு கருவியின் சாவியும் இயல்பாக 180 நாளில் காலாவதியாகும். நீங்கள் ஊரில் இல்லாதபோது பையின் சாவி காலாவதியானால் வீட்டுக்கு வந்துதான் சரிசெய்ய வேண்டும். நிர்வாகப் பக்கத்துக்குப் போய் பைக்கும் சர்வருக்கும் காலாவதியை இன்றே அணைத்துவிடுங்கள்.

பை வைஃபையில் இருந்தால், கெஸ்ட் நெட்வொர்க்கில் இணைக்காதீர்கள். அங்கிருந்து கேபிளில் இருக்கும் சர்வருக்குப் பாக்கெட் போகாது.

10. கரண்ட் போய் வந்தால்

தூங்கும்போது கரண்ட் போனால் சர்வர் முழுதாக அணைந்துவிடும். திரும்ப வரும்போது பல மதர்போர்டுகளில் நெட்வொர்க் கார்டு உயிர் பெறாது, மேஜிக் பாக்கெட் வீண். அதற்குப் பயாஸில் "மின்சாரம் திரும்பியதும் ஆன் ஆகு" என்ற அமைப்பை வையுங்கள். கரண்ட் வந்ததும் சர்வர் பூட் ஆகும், இருபது நிமிடம் பார்த்துவிட்டுத் தானாகத் தூங்கும், அதன்பின் எழுப்பினால் எழும்.

ரவுட்டருக்கு மினி யூபிஎஸ் வைத்திருந்தால் பையையும் அதிலேயே மாட்டுங்கள். யூஎஸ்பி வெளியீடு உள்ள மாடலாக இருக்க வேண்டும். சர்வருக்குத் தனி யூபிஎஸ் வைத்திருப்பவர்கள் அந்தப் பெட்டியையும் ஒரு முறை அளந்து பாருங்கள். பேட்டரி நிரம்பிய பிறகும் அதற்கென்று சில வாட் இழுக்கும்.

11. புது மெஷின் வாங்கலாமா

கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளுக்கு நான்கு மணி நேரம் 40 வாட்டில் ஓடி, இருபது மணி நேரம் 2 வாட்டில் தூங்கும் பழைய டெஸ்க்டாப் அறுபது நாளில் 12 யூனிட். பை ஒன்றரை யூனிட். 83 யூனிட் இருந்த இடத்தில் பதினாலுக்குள் வந்தாயிற்று. இதற்கு மேல் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து மினி பிசி வாங்கினால் மிச்சமாவது பில்லுக்கு ஏழெட்டு யூனிட். போட்ட காசு திரும்புவதற்குள் மெஷின் பழசாகிவிடும்.

வாங்குவதில் அர்த்தம் இருக்கும் சந்தர்ப்பம், சர்வர் இருபத்து நாலு மணி நேரமும் விழித்திருந்தே ஆக வேண்டும் என்றால்தான்: சிசிடிவி பதிவு ஓடுகிறது, போன் படங்கள் எந்நேரமும் ஏறுகின்றன என்பது மாதிரி. அப்போது இன்டெல் என்100 மினி பிசி சும்மா இருக்க ஆறு முதல் பத்து வாட். குவிக் சிங்க்கும் உண்டு. ரிச்சி தெரு போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய அலுவலகக் குட்டி டெஸ்க்டாப்களில் எட்டாம் தலைமுறை இன்டெல்லும் அதற்கு மேலும் பார்க்கலாம். பெயருக்குப் பின்னால் "டி" இருக்கும் (குறைந்த வாட் வகை) புராசஸர் என்றால் நல்லது. பில் போட்டு வாங்குங்கள், சார்ஜர் அசல்தானா பாருங்கள், அங்கேயே ஆன் செய்து பயாஸில் கடவுச்சொல் பூட்டு இல்லை என்று உறுதிசெய்யுங்கள். பழைய அலுவலக மெஷின்களில் இந்தப் பூட்டு சகஜம்.

ராஸ்பெர்ரி பை 5ஐ மீடியா சர்வராக வாங்கச் சொல்வார்கள். அதில் வீடியோவை மாற்றி எழுதும் வன்பொருள் வசதி கிடையாது. எல்லாக் கோப்பும் நேராக ஓடும் என்றால் மட்டும் சரிப்படும். வீட்டில் திரை உடைந்த லேப்டாப் கிடந்தால் அதைப் பார்க்கலாம்: மின்செலவு குறைவு, பேட்டரியே யூபிஎஸ். ஆனால் எந்நேரமும் சார்ஜிலேயே கிடந்தால் பேட்டரி உப்பும்; 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

12. ஊருக்குக் கிளம்புமுன் சோதனை

எல்லாம் முடிந்த கையோடு நம்பிவிட வேண்டாம். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் இவற்றைச் செய்யுங்கள்: சர்வர் தூங்கும்வரை காத்திருந்து எழுப்பிப் பாருங்கள்; ஒரு முழுப் பாட்டு ஓடவிடுங்கள்; மெயின் சுவிட்சை அணைத்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, சர்வர் தானாக எழுந்து தூங்கிய பிறகு மறுபடி எழுப்பிப் பாருங்கள்; ரவுட்டரை மட்டும் ரீஸ்டார்ட் செய்து பை திரும்ப இணைகிறதா என்று பாருங்கள். கடைசிச் சோதனையைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள்.

ஸ்மார்ட் பிளக்கில் சர்வரை மாட்டியிருப்பவர்கள், எழாமல் போனால் தூரத்திலிருந்தே பிளக்கை அணைத்துப் போடலாம். பத்தாவது படியின் அமைப்பால் அது பூட் ஆகிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். பிளக் ஆப்பில் வாட்டைப் பாருங்கள். இரண்டு மூன்று வாட்டில் நின்றால் அணைக்கலாம், முப்பதுக்கு மேல் காட்டினால் இன்னும் பத்து நிமிடம் பொறுங்கள்.